சுவடி காத்தலும் சுவடி கற்றலும்

அச்சு நூல்களுக்கிடையே பிறந்து வளர்ந்தவர் நாம். கைப்புத்தகம் ஒன்று தொலைந்துபோயின், கடைக்குச் சென்று மற்றொரு படி வாங்கிக்கொள்கின்றோம். நூலகத்து அலமாரி ஒன்றைக் கறையான் அரித்துவிட்டதெனினும், அதே நூல்கள் வேறு ஊர் நூலகங்களில் நலமே இருக்கும் என்று தேறுதல் அடைகின்றோம். ஆகலின், கையெழுத்துச் சுவடி என்ற மாத்திரத்தில், அஃது அச்சு நூலின் மூதாதை என்றும், நூல் அச்சேறிய பின்னர் அதனால் ஆவது ஒன்றில்லை என்றும் நம்மிற் பலர் கருதிவிடுகின்றனர். இக்கருத்துப் பிழைபட்டதென்பதை இசுலாமிய உலகின் சுவடிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலும், அவற்றைக் காத்தற்கு இன்று உலகம் மேற்கொண்டுள்ள முறையில் உள்ள ஒரு பெருங்குறையை எடுத்துரைத்தலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

இசுலாமிய நாடுகளில் அச்சுக்கலை காலந்தாழ்த்தே வேரூன்றியது. இசுதான்புல் நகரில் இப்ராஹீம் முத்தஃபர்ரிக்கா என்பார் 1727-இல் அரசாணை பெற்று அச்சகம் நிறுவி, 1729-இல் தம் முதல் நூலை வெளியிட்டார். எனினும், அதற்குப் பின்னரும் நூறாண்டு காலம் வரையில் கற்றோர் கையில் இருந்தவை பெரும்பாலும் கையெழுத்துச் சுவடிகளே. காகிதம் செய்யும் தொழில் கி. பி. 8-ஆம் நூற்றாண்டிலேயே பகுதாது நகரை எட்டிவிட்டமையின், ஆயிரம் ஆண்டுக் காலம் மொராக்கோ முதல் இந்தியா ஈறாக உள்ள நாடுகளில் எழுதுவோர் கைகள் ஓயாமல் எழுதிய வண்ணம் இருந்தன. சமயமும் சட்டமும் மட்டுமோ? வானநூல், மருத்துவம், கணிதம், இலக்கணம், இசை, வாணிகக் கணக்கு, கடிதம், விலையோலை ஆகிய அனைத்தும் அக்கைகளினின்றும் பிறந்தன.

அச்சுவடிகளின் அமைப்பு நம் பனையேட்டினின்றும் வேறானது. காகித மடிப்புக்களை ஒன்றாகத் தைத்துத் தோலுறை இடுவர். பின்னட்டையினின்று நீண்டதொரு தோல் மடிப்பு முன்புறம் வந்து, ஏடுகளின் ஓரத்தைப் புழுதி படாது மூடும். பக்கத்து அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைக் குறித்து வைப்பர். ஏடு பிறழின் ஒழுங்கு செய்வதற்கு இஃதே வழிகாட்டி. விளக்குப் புகைக்கரியும் மரப்பிசினும் கலந்த மை ஒருவகை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை மற்றொரு வகை. பின்னையது எழுத்தை ஆழப் பதியச் செய்யினும், நாளடைவில் காகிதத்தையே தின்றுவிடும் இயல்பினது. எழுத்தைக் காக்க இட்ட மையே எழுத்துக்குப் பகையாதல் வியப்பன்றோ! பூச்சி அரியாதிருத்தற்பொருட்டுச் சுவடியின் முகப்பிலேனும் இறுதியிலேனும் ‘யா கபீகஜ்’ என்று எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. பூச்சிகளின் அரசனை விளித்து வேண்டுதல் அது என்பர். அவ்வேண்டுகோள் எழுதிய ஏட்டையே இராமபாணப் பூச்சி துளைத்திருப்பதும் உண்டு.

இனி, ஒரே நூலின் இரண்டு சுவடிகள் ஒருபோதும் ஒன்றாகா. நூலின் பாடம் ஒருபுறம் இருக்க, அதன் ஓரங்களில் எழுதப்பட்டிருப்பது வேறொரு வரலாறு. இச்சுவடியை இன்னார் இன்ன ஊரில் இன்ன நாளில் எழுதி முடித்தார் என்பதை நூலிறுதிக் குறிப்புக் கூறும். இன்னார் வாங்கினார், இன்னார் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக அளித்தார் என்பதை முதலேடு கூறும். ஆசிரியர் நூலை உரக்கப் படிக்க, உடனிருந்து கேட்டோர் பெயர்களை வரிசையாக எழுதும் வழக்கமும் உண்டு. தமாஸ்கு நகரில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட அத்தகைய குறிப்புக்களில் பெண்டிர் பெயரும் சிறுவர் பெயரும் காணப்படுகின்றன. அக்காலத்துக் கல்வி யாரை எட்டியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது? அச்சிடுவோர் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இக்குறிப்புக்களை விட்டுவிடுவர். ஆகவே, நூல் அச்சேறிய பின்னும் சுவடி சுவடியே.

நிற்க. சுவடியைக் காப்பது எது? கற்சுவரா, இரும்புப் பெட்டியா, குளிரூட்டிய அறையா? இவையனைத்தும் வேண்டுவனவே, எனினும், இவற்றுள் ஒன்றும் தனித்து நின்று சுவடியைக் காவாது என்பது எம் துணிபு. சுவடியைக் காப்பவர் அதனைக் கற்பவரே. கற்பாரற்ற சுவடி, பேழைக்குள் இருப்பினும் புதைகுழிக்குள் இருப்பதே ஆகும்.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். இப்னு நஃபீஸ் என்னும் மருத்துவர் தமாஸ்கில் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288-இல் மறைந்தவர். இதயத்தின் வலப்புறத்திலுள்ள குருதி இடைச்சுவரின் துளை வழியாக இடப்புறம் செல்கின்றது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் கூறியதை மறுத்து, அத்தகைய துளை இல்லையென்றும், குருதி நுரையீரல் வழியாகவே சென்று திரும்புகின்றதென்றும் அவர் எழுதிவைத்தார். மேனாட்டில் ஹார்வி என்பார் குருதியோட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டது 1628-இல் என்பதை நினைவிற்கொள்க. இப்னு நஃபீசின் சுவடி அழிந்துபட்டதோ? இல்லை. பெர்லின் நகரின் அரசு நூலகத்தில் அது பத்திரமாகவே இருந்தது. ஆயினும், அதனுள் இருந்த உண்மையை மருத்துவ உலகம் அறிந்திலது. 1924-ஆம் ஆண்டில், செருமனியில் மருத்துவம் பயின்ற முஹ்யித்தீன் தத்தாவி என்னும் எகிப்திய இளைஞர் தம் பட்டத்திற்கான ஆராய்ச்சியை மேற்கொண்டு அதனைக் கற்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. சுவடியைக் கறையானிடமிருந்து காத்தது நூலகம். மறதியிடமிருந்து காத்தவரோ ஒரு மாணவர். அவர் அரபியும் அறிந்திருந்தார், மருத்துவமும் அறிந்திருந்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

காத்தல் தவறிய இடத்து நேர்ந்ததையும் காண்போம். 987-இல் பகுதாது நகரத்துப் புத்தக வாணிகர் இப்னு நதீம் என்பார், தாம் அறிந்த அரபி நூல்கட்கெல்லாம் ‘ஃபிஹ்ரிஸ்து’ என்னும் பேரட்டவணை ஒன்றை வகுத்தார். அதனுள் கூறப்பட்டவற்றுள் பல நூல்கள் இன்று பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளன. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி 9-ஆம் நூற்றாண்டில் குவாரிஸ்மி எழுதிய நூலின் அரபி மூலமும் மறைந்தது. அதன் வழி எழுந்த இலத்தீன் நூல்களே நமக்குக் கிடைத்துள்ளன. நம் நாட்டு எண்கள் மேனாடு சென்ற வழியைக் காட்டும் முதல் விளக்கு இவ்வாறு அணைந்தது.

பழங்காலத்து இழப்புக்கள் கிடக்க. நம் காலத்திலேயே நிகழ்ந்தவை சிறியனவல்ல. போசுனிய நாட்டுச் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், 1992-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், அந்நகரின் கீழ்த்திசைக் கல்வி நிலையம் குண்டுவீச்சால் எரிந்தது. அரபி, பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளிலும், அரபி எழுத்தால் எழுதிய போசுனிய மொழியிலும் அமைந்த 5,263 சுவடிகளுள் மிகப் பெரும்பாலானவை ஒரே நாளில் சாம்பலாயின. அதே நகரில், 1537-இல் நிறுவப்பட்ட காசி ஹுஸ்ரெவ் பெக் நூலகத்தின் சுவடிகளோ பிழைத்தன. பிழைத்தவாறு எங்ஙனம்? நூலகத் தலைவர் முஸ்தபா யாஹிச்சும், உடன் பணிபுரிந்தோரும், கொங்கோ நாட்டினின்று வந்து அங்கு இரவுக் காவல் புரிந்த ஒருவரும், வாழைப்பழம் அடைத்து வந்த அட்டைப் பெட்டிகளில் அவற்றை நிரப்பி, மறைந்திருந்து சுடுவோரின் துப்பாக்கிக் குறிக்குத் தப்பி, ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பன்முறை சுமந்து சென்றனர். முற்றுகையின் நடுவிலேயே அச்சுவடிகளைச் சிறுபடச் சுருளிலும் பதிவு செய்தனர்.

எரிந்துபோன சுவடிகளின் கதை அத்துடன் முடிந்ததோ எனின், இல்லை. முன்னாளில் பல நாட்டு அறிஞர்கள் சரயேவோவிற்குச் சென்று, தம் ஆராய்ச்சிக்கெனச் சில சுவடிகளுக்குப் படமும் படியும் எடுத்துச் சென்றிருந்தனர். போருக்குப் பின், அமெரிக்காவிலிருந்த அறிஞர் சிலர் முயன்று, அப்படிகளைத் தேடித் தொகுக்கத் தொடங்கினர். இழப்பை நோக்க, கிடைத்தது சிறு பகுதியே. ஆயினும், கிடைத்தவை யாவை என்று கருதுங்கள்: எவரேனும் ஒருவர் கற்கவேண்டும் என்று விரும்பிய சுவடிகளே கிடைத்தன. எவரும் கேட்டுவாராத சுவடிகள் எரிந்தவாறே ஒழிந்தன. எம் கொள்கைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, ஆப்பிரிக்காவிற்குச் செல்வோம். மாலி நாட்டில், சகாராப் பாலை நிலமும் நைஜர் ஆறும் அணுகும் இடத்தில் டிம்பக்டு என்னும் ஊர் உளது. உப்பும் பொன்னும் விலைபோன அச்சந்தையில் நூல்களும் விலைபோயின. அவ்வூர்ப் பேரறிஞர் அஹமது பாபா (1556-1627) தம்மிடம் 1,600 நூல்கள் இருந்தனவென்றும், தம் உறவினருள் தம் தொகுதியே சிறியதென்றும் கூறியதாக வரலாறு உரைக்கின்றது. 1591-இல் மொராக்கோ மன்னர் அஹமது அல் மன்சூர் படையெடுத்து அவ்வூரைக் கைப்பற்றினார், பின்னர் அவ்வறிஞர் சிறைப்பட்டு மராக்கேசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார், நூல்கள் சிதறின. ஆயினும், ஊரார் எஞ்சியவற்றை வழிவழியாகத் தம் இல்லங்களில் வைத்துப் போற்றினர். ஆப்பிரிக்கர்க்கு எழுதப்பெற்ற வரலாறு இல்லை என்று மேனாட்டார் பலர் எழுதிய நாளிலும், அவ்வில்லங்களில் அரபி மொழியிலும், அரபி எழுத்தால் எழுதிய சொங்காய், ஃபுலானி முதலிய நாட்டு மொழிகளிலும் அவ்வரலாறு உறங்கிக் கிடந்தது.

2012-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆயுதமேந்திய கூட்டத்தார் அவ்வூரைக் கைக்கொண்டனர். அப்துல் காதிர் ஹைதரா என்பாரும், பிற சுவடிக் குடும்பத்தினரும், வண்டியோட்டிகளும் படகோட்டிகளும் சேர்ந்து, டிரங்குப் பெட்டிகளில் சுவடிகளை அடைத்து, இரவோடிரவாகத் தரைவழியாகவும் பின்னர் நைஜர் ஆற்றின் வழியாகவும் தலைநகர் பமாக்கோவிற்குக் கொண்டுசேர்த்தனர். 2013 சனவரியில் அக்கூட்டத்தார் பின்வாங்கியபோது, அஹமது பாபா நிலையத்துச் சுவடிகளுள் ஏறத்தாழ 4,200 எரிந்தும் களவுபோயும் அழிந்தன. எஞ்சிய பெருந்தொகுதி தப்பியது.

தப்பியவை எத்துணை? மூன்றரை இலட்சத்திற்கு மேல் என்று மீட்டோர் உரைத்தனர். அத்துணை இரா என்று ஐயுற்ற அறிஞரும் உளர். இப்பூசலில் யாம் தலையிடோம். ஆனால், இப்பூசல் எழுந்ததற்குக் காரணம் யாது என்று கேட்போம். எண்ணி, பெயரிட்டு, விளக்க அட்டவணை வகுத்தல் என்பது முன்னமே முற்றுப்பெறாமையே காரணம். இன்னது உண்டு என்று அறியாதவன், இன்னது போயிற்று என்று எங்ஙனம் அழுவான்?

பமாக்கோ ஈரக்காற்று வீசும் ஊர். பாலையின் வறண்ட காற்றில் பல நூற்றாண்டு இருந்த காகிதம் அங்குப் பூஞ்சணம் பிடிக்கத் தலைப்பட்டது. ஆகவே, பெட்டி செய்தலும், துப்புரவு செய்தலும், மின்படம் எடுத்தலும் விரைந்து நடைபெற்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெனடிக்டைன் துறவியர் மடத்தைச் சார்ந்த ஹில் சுவடி நூலகம் 2013 முதல் இதற்குத் துணைபுரிந்தமை நம் கல்லூரி போன்ற இடங்களில் உள்ளார் சிந்திக்கத்தக்கது. 1965-இல் ஆஸ்திரிய மடங்களின் கிறித்தவச் சுவடிகளைப் படமெடுக்கத் தொடங்கிய நிலையம் அது. பிற சமயத்தார் எழுதிய ஏடாயினும், மனிதர் அறிவின் ஏடு என்று மதித்துத் துறவியர் உழைத்தனர். 2025-ஆம் ஆண்டில் மாலி அரசாங்கம் அச்சுவடிகளுள் ஒரு பகுதியைத் தம் ஊராகிய டிம்பக்டுவிற்கே திருப்பிக் கொண்டுசெல்லத் தொடங்கியது.

இவையெல்லாம் போற்றத்தக்கனவே. எனினும், படமெடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று அமையும் மனநிலை பரவிவருகின்றது. அதனையே யாம் மறுக்கின்றோம். பெட்டிக்கும் கருவிக்கும் பொருள் தருவோர் எளிதிற் கிடைக்கின்றனர். கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் பொருள் தருவோர் அரியர். பெட்டியைக் காட்டி நிழற்படம் எடுக்கலாம். பத்தாண்டு உழைத்து ஒரு கையெழுத்து நடையைப் படிக்கக் கற்ற இளைஞனைக் காட்டி எடுக்கும் நிழற்படத்தில் யாது தெரியும்?

படம் மட்டும் போதாமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, பெயரிடப்படாத படம் கண்டுபிடிக்கப்படாத படம். இலட்சக்கணக்கான பக்கங்களைக் கணினியில் குவித்துவைப்பினும், எதனுள் எது உளது என்று கூறும் அட்டவணை இல்லையேல், அக்குவியல் இரண்டாவது புதைகுழியே. இரண்டாவது, ஏடு கூறும் அனைத்தையும் படம் கூறாது. ஏமன் நாட்டுச் சனா நகரின் பெரிய பள்ளிவாசலில் 1972-இல் கூரையைச் செப்பனிட்டபோது, இரு கூரைகளுக்கு இடையே பழந்தோல் ஏடுகளும் காகிதங்களும் குவிந்து கிடந்தன. ஆராய்ந்தபோது, ஓர் ஏட்டில் குர்ஆன் எழுத்துக்களின் கீழ், அழிக்கப்பட்ட மற்றோர் எழுத்து வரிசை மறைந்திருத்தல் புற ஊதாக் கதிரால் புலப்பட்டது. இயல்பான ஒளியில் ஒரு முறை படமெடுத்து ஏட்டை எறிந்திருப்பின், கீழெழுத்தை எவர் அறிவார்? மூன்றாவது, கருவிகளும் மூப்பெய்துகின்றன. இருபது ஆண்டுக்கு முன் எடுத்த மின்படிவத்தைத் திறக்க இயலாது தவிப்போரை நாம் காண்கின்றோம். எழுநூறு ஆண்டுக்கு முன் எழுதிய காகிதத்தைத் திறக்கக் கையும் கண்ணும் போதும்.

இங்கு ஒரு தடை எழும். ‘போரும் வறுமையும் மலிந்த நாடுகளில் சுவடிகள் ஏன் இருத்தல் வேண்டும்? செல்வ நாடுகளின் பெருநூலகங்களுக்கு எடுத்துச் சென்றால் என்றும் பிழைத்திருக்குமன்றோ?’ என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. இப்னு நஃபீசின் சுவடியைப் பெர்லின் காத்தது என்று யாமே கூறினோம். ஆயினும் கேளுங்கள். டிம்பக்டு அறிஞரைச் சிறைசெய்த மொராக்கோ மன்னரின் மைந்தர் சைதான், உள்நாட்டுப் பூசலுக்கு அஞ்சி 1612-இல் தம் நூலகத்தைக் கப்பலேற்றினார். அதனை இசுப்பானியக் கப்பல்கள் கடலிற் கைப்பற்றின. ஏறத்தாழ 4,000 சுவடிகள் எசுகோரியல் என்னும் இசுப்பானியக் கல்மாளிகையைச் சேர்ந்தன. 1671-இல் அம்மாளிகையில் தீ மூண்டு, அரபிச் சுவடிகளுள் பெரும்பகுதியை விழுங்கியது. தீக்கு ஏழை நாடு, செல்வ நாடு என்னும் வேற்றுமை இல்லை. படிகள் பல ஊர்களில் இருத்தல் வேண்டும். மூல ஏடோ, இயன்றவரை, அதனை எழுதியோர் வழிவந்தோர் நடுவே இருத்தல் வேண்டும். அவர்களே அதன் மொழியை இல்லத்தில் பேசுபவர். அதன் ஓரத்துப் பெயர்களைத் தம் பாட்டனார் பெயர் என அறிபவர்.

ஆகலின், செய்யவேண்டுவன இவை என்பது எம் கருத்து. சுவடிகட்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கு, அவ்வூர் இளைஞர்க்குச் சுவடி படிக்கக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்கப்படுதல் வேண்டும். படமெடுக்குமுன் அட்டவணை வகுத்தல் வேண்டும். இயலாதாயின் உடன் வகுத்தல் வேண்டும். சுவடி வைத்திருக்கும் குடும்பத்தாரை ஐயுற்று விலக்காது, காவலராக மதித்து உடனழைத்துச் செல்லுதல் வேண்டும். சித்திர ஏடுகளைச் சுவடியினின்று கிழித்துத் தனித்தனியே விற்போரிடம் எவரும் வாங்கலாகாது. வாங்குவார் இன்றேல் கிழிப்பாரும் இரார்.

இஃது எங்கோ தொலைவில் உள்ளார் கடமை என்று மாணவ நண்பர்கள் எண்ணவேண்டா. போசுனியர் தம் மொழியையும், சொங்காய் மக்கள் தம் மொழியையும் அரபி எழுத்தால் எழுதியவாறே, நம் நாட்டு இசுலாமியரும் தமிழை அரபி எழுத்தால் எழுதினர். அதனை அரபுத் தமிழ் என்பர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியோர் அதில் நூல்கள் இயற்றினர். காயற்பட்டினம், கீழக்கரை முதலிய கரையூர்களின் இல்லங்களில் அத்தகைய சுவடிகள் இருந்துவந்துள்ளன. அவற்றைத் தமிழ் மட்டும் அறிந்தோர் படித்தல் இயலாது. அரபி மட்டும் அறிந்தோர் படிப்பினும் பொருள் விளங்காது. இரண்டும் அறிந்தோர் குறையக் குறைய, அச்சுவடிகள் எவரும் எரிக்காமலே எரிந்துகொண்டிருக்கின்றன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக நடந்து ஏடு தேடிய கதையை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். அவர் தேடியதனால் மட்டுமோ பெரியவர்? தேடியதைப் படிக்கவும், பிழை களையவும், பொருள் காணவும் வல்லவராய் இருந்தமையால் அன்றோ ஏடுகள் அவர் கையில் உயிர்பெற்றன!

நம் கல்லூரியில் தமிழும் கற்பிக்கப்படுகின்றது. அரபி எழுத்தை இல்லத்திலும் பள்ளிவாசலிலும் கற்ற மாணவரும் நம்முடன் அமர்ந்து பயில்கின்றனர். அவருள் ஒருவரும், தமிழ் இலக்கணம் வல்ல மற்றொருவரும், விடுமுறையில் ஒரு சுவடியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் எழுத்தைக் கூற, மற்றவர் சொல்லைக் கண்டு, பத்துப் பக்கம் படியெடுப்பாராயின், அது சிறு பணியன்று. சரயேவோவின் சாம்பலினின்று மீண்டவை எவ்வாறு மீண்டன என்பதை மறவாதீர்கள். எப்போதோ, எவரோ ஒருவர், கற்கும் ஆசையால் எடுத்த படியே மீண்டது. அத்தகைய ஒரு படியை எடுக்கும் கை நம் மாணவர் கையாகவும் இருத்தல் கூடும்.